குச்சியைக் கையில் கொடுத்தது யார்?

(தருமபுரியில் நடந்த தாள இசை விழாவின் நிறைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, இத்தனை வேலைகளுக்கு நடுவில் வந்து மேடையை அலங்கரிக்கும் நகர்மன்ற உறுப்பினர் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, அழகான வரவேற்புரை தந்த செயலாளர் அவர்களே, பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வந்திருக்கும் பம்பை, பறைக் கலைஞர்களே, ஓசூரிலிருந்து டிரம்ஸ் செட்டை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இந்த மண்டபத்தை அதிர வைத்த தம்பிகளே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். மைக்செட் அண்ணனுக்குத் தனியாக ஒரு வணக்கம். டிரம்ஸுக்கு மைக் வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது வைத்தவருக்குத்தான் தெரியும். சால்வை போர்த்திய வணிகர் சங்க அண்ணாச்சிக்கும் என் நன்றி.

‘ராக் இசையின் தலைசிறந்த டிரம்மர் யார்?’ இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி, லெட் செப்பெலின் குழுவின் ஜான் பான்ஹாம் என்றார். கல்லூரியில் படிக்கும் தங்கச்சி எழுந்து, ரஷ் குழுவின் நீல் பியர்ட் என்றார். இருவருக்கும் ஒரே அளவு கைதட்டல். நான் மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். முதலில், இந்த வழக்கில் என் தீர்ப்பு. அடுத்து, பெரிய டிரம்மை மிதித்து அடிக்கக் காலுக்கு இரட்டைப் பெடல் வந்த பிறகு ராக் தாளம் எப்படி மாறியது என்பது. மூன்றாவது, இதில் நம் மாவட்டத்துக்கு என்ன வேலை என்பது. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பழமொழிதான்: அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஓட்டு பான்ஹாமுக்கு. 1971-இல் வந்த லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். ஹெட்லி கிரேஞ்ச் என்கிற பழைய வீட்டில், மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வைத்து, மேலே உயரத்தில் மைக் கட்டிப் பதிவு செய்தார்கள். அந்த வீடே சேர்ந்து முழங்குவது கேட்கும். ஒரே பெடலை வைத்துக்கொண்டு வலது காலால் அவர் போட்ட மும்மை அடிகளைக் கேட்டு, இரண்டு பெடல் இருக்கிறது என்றே பலர் நினைத்தார்கள். 1980 செப்டம்பரில், 32 வயதில் அவர் இறந்தார். அளவு மீறிய குடிதான் காரணம். இளைஞர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த டிசம்பரிலேயே மற்ற மூவரும் குழுவைக் கலைத்துவிட்டார்கள். வேறொருவரை உட்காரவைத்துத் தொடர அவர்களுக்கு மனம் வரவில்லை. ஒரு டிரம்மருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

தங்கச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம். நீல் பியர்ட் என்றால் எனக்கும் உயிர். தன் குழுவின் பாடல்களில் பெரும்பாலானவற்றின் வரிகளையும் அவரே எழுதினார். உலகமே அவரை உச்சியில் வைத்துக் கொண்டாடிய காலத்தில், 1990-களின் நடுவில், ஃப்ரெடி க்ரூபர் என்ற ஆசிரியரிடம் மாணவராகப் போய் உட்கார்ந்தார். குச்சி பிடிக்கும் முறையையே மாற்றிக்கொண்டு, முதலிலிருந்து பழகினார். அடி மேல் அடி அடித்தால் என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸை ஏன் யாரும் சொல்லவில்லை என்று தெரியவில்லை. சின்ன டிரம்ஸ் செட், அலட்டல் இல்லாத வாசிப்பு. 2003 ஏப்ரலில், இதோ பக்கத்தில் இருக்கும் பெங்களூரில், கொட்டுகிற மழையில் வாசித்துவிட்டுப் போனார்.

சரி, இப்போது ஒரு கதை. முழுக்க நடந்த கதை.

1973, நவம்பர் 20. சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் கௌ பேலஸ் என்ற பெரிய அரங்கம். தி ஹூ குழுவின் கச்சேரி. டிரம்ஸில் கீத் மூன், புயல் மாதிரி வாசிப்பவர். அன்றைக்கு மயக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மேலே பிராந்தியையும் ஊற்றிக்கொண்டு மேடையேறிவிட்டார். பாட்டு நடுவில் தாளம் தடுமாறுகிறது. மனிதர் அப்படியே டிரம்ஸ் மேல் சாய்கிறார். தூக்கிக்கொண்டு போய்த் தெளியவைத்து, திரும்பக் கூட்டிவந்து உட்காரவைக்கிறார்கள். கூட்டம் ஆரவாரம் செய்கிறது. கொஞ்ச நேரம் வாசித்தார். மறுபடியும் சாய்ந்தார். இந்த முறை எழவில்லை.

டிரம்மர் இல்லாமல் ராக் கச்சேரி ஏது? கிதார் வாசிக்கும் பீட் டவுன்ஷெண்ட் மைக் முன்னால் வந்து கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறார்: “இங்கே யாருக்காவது டிரம்ஸ் வாசிக்கத் தெரியுமா? நன்றாக வாசிக்கிறவர் வேண்டும்!”

மேடை ஓரத்தில் ஸ்காட் ஹால்பின் என்று ஒரு பையன். வயது 19. கூட வந்த நண்பன், “இவனுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியும்” என்று கத்துகிறான். பையன் குச்சியைத் தொட்டே ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. அதை நண்பன் சொல்வானா? கச்சேரியை நடத்தியவர் வந்து, உன்னால் முடியுமா என்று கேட்டு, பையனை மேடை ஏற்றிவிட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால், உலகப் புகழ் பெற்ற குழுவோடு, ஒத்திகையே இல்லாமல் மூன்று பாட்டுகள் வாசித்தான். முடிந்ததும் நால்வராகக் கை கோத்து நின்று கூட்டத்துக்கு வணக்கம் சொன்னார்கள். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அவனைப் பாராட்டி ஒரு பட்டமே கொடுத்தது.

கை தட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. இப்போது நான் கேட்கிறேன். நாளைக்கு இதே மேடையில் நின்று, “யாருக்காவது வாசிக்கத் தெரியுமா” என்று ஒருவர் கேட்டால், நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் எழுந்து வருவார்கள்? ஆசை இருக்கிறது, தாளம் ரத்தத்திலேயே இருக்கிறது. எருது விடும் விழாவில் பறை முழங்கும்போது ஐந்து வயதுப் பிள்ளையின் கால் எப்படித் துள்ளுகிறது என்று பாருங்கள். அந்தப் பிள்ளையின் கையில் குச்சியைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

பான்ஹாம் ஐந்து வயதில் தகர டப்பாக்களைத் தட்டிக்கொண்டிருந்தார். பத்து வயதில் அம்மா ஒரு ஸ்நேர் டிரம் வாங்கித் தந்தார். பியர்டுக்குப் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்குக் கிடைத்தது ஒரு ஜோடி குச்சியும் பழகும் பலகையும். ஒரு வருடம் விடாமல் பழகினால் செட் வாங்கித் தருகிறோம் என்றார்கள் பெற்றோர். பழகினார், வாங்கித் தந்தார்கள். பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் சிறுவயதில் காசநோய் வந்து மருத்துவமனையில் கிடந்தார். அங்கே நோயாளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு வாத்தியக் குழு வைத்திருந்தார்கள். நூல்கண்டுக் கட்டையால் கட்டிலோரத்து அலமாரியைத் தட்டித் தட்டித்தான் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. யோசித்துப் பாருங்கள், மருத்துவமனையில் தாளம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்!

நமக்கு இது புதிதா? இது தகடூர். பொது இடத்தில் தொங்கும் தண்ணுமை என்ற தோல் கருவியில் காற்று மோதி ஒலி எழுந்தாலே ‘போர் வந்துவிட்டது’ என்று எழுகிறவன் எங்கள் தலைவன் என்று அதியமானைப் பற்றி ஔவை பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அந்த மண்ணில் இன்று பம்பைக் கலைஞர் திருவிழா முடிந்ததும் வேறு கூலி வேலை தேடுகிறார். பந்தியில் அவருக்குக் கடைசி இலை. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. இரட்டைப் பெடல் பற்றி ஓசூர்த் தம்பிகள் மேடையிலேயே செய்து காட்டுவார்கள். நான் கோரிக்கைக்கு வருகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் ஒவ்வொரு அரசு உயர்நிலைப் பள்ளியிலும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தாள வகுப்பு வேண்டும். பறை, பம்பை, ஒரு டிரம்ஸ் செட், மூன்றும் ஒரே அறையில் இருக்க வேண்டும். நம் ஊர்க் கலைஞர்களையே ஆசிரியர்களாக வைக்க வேண்டும். பட்டம் கேட்கக் கூடாது, வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்துச் சேர்க்க வேண்டும். ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் 2012-இல் அரசு பகுதிநேர ஆசிரியர்களை நியமித்ததே, அந்த வழியில் செய்யலாம். ஆனால் கௌரவமான சம்பளம் தர வேண்டும். முன்பு கொடுத்த மனுவுக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதனால் என்ன? அடி மேல் அடி அடிப்போம், அம்மி நகரும்.

கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது. பெயரோடு ஊரையும் எழுதுங்கள். வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குக் காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் கூடுகிறோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இப்போது பென்னாகரம் கலைஞர்களும் ஓசூர்த் தம்பிகளும் சேர்ந்து வாசிக்கப்போகிறார்கள். நன்றி, வணக்கம்.