யாருடைய இரத்தம் என்று கேளாதீர்கள்

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆசிரியர்களும் பள்ளிப் பணியாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, அலுவலகத்திலும் தோட்டத்திலும் கழிப்பறையிலும் உழைத்துப் பள்ளியைத் தாங்கி நிற்கும் பணியாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

விளையாட்டுத் திடலில் ஒரு பிள்ளையின் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தால், ஓடிவரும் பெரியவர்களின் மனத்தில் முதலில் எழுவது, இந்தப் பிள்ளைக்கு ஏதேனும் நோய் உண்டா என்னும் கேள்வியே. அது பயனற்ற கேள்வி என்பது என் கருத்து. தமக்குத் தொற்று இருப்பதை அறியாதவர்கள் எங்கும் உள்ளனர்; நோயுள்ளோரின் பெயர்ப்பட்டியல் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர், பட்டியலில் இல்லாத பிள்ளையின் இரத்தத்தை வெறுங்கையால் துடைத்துவிடுவார். ஆகவேதான் 1999ஆம் ஆண்டு இந்நாட்டுக் கல்வித்துறை வெளியிட்ட எச்.ஐ.வி. கொள்கை, மாணவரோ ஆசிரியரோ தம் நோய்நிலையை வெளியிடுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், எவருடைய இரத்தமாயினும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்றும் வகுத்தது.

எச்.ஐ.வி.யைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி என்னும் தொற்றைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை. தொற்றுள்ள இரத்தம் படிந்த ஊசி குத்தினால் எச்.ஐ.வி. பற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என்ற அளவினது; தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி பற்றும் வாய்ப்போ நூற்றுக்கு ஆறிலிருந்து முப்பது வரை. காய்ந்த இரத்தத்திலும் அக்கிருமி குறைந்தது ஏழு நாள் உயிர்ப்புடன் இருக்கக்கூடும். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி சேர்க்கப்பட்டது 1995இல்தான். அதற்கு முன் பிறந்த நம்மில் பெரும்பாலோர், தாமாக முயன்று போட்டுக்கொண்டாலன்றி, பாதுகாப்பில்லாமலே பணியாற்றுகிறோம். நம்மிடம் பயிலும் பிள்ளைகளுக்கு உள்ள காப்பு நமக்கு இல்லை.

ஆசிரியரைவிடத் துப்புரவுப் பணியாளருக்கே ஆபத்து மிகுதி. மாதவிடாய் அணையாடைத் தொட்டியைக் காலி செய்பவர் அவர். வேலியோரப் புதரில் எவரோ வீசிய ஊசியைக் குப்பையோடு அள்ளுபவரும் அவர். அவருக்குத் தடித்த ரப்பர் கையுறையும், ஊசியை இடுக்கியால் எடுத்துப் போடக் கெட்டியான மூடியுள்ள கலனும் வேண்டும். முதலுதவிப் பெட்டியைத் தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைப்பது எந்த வகைச் சிக்கனம் என்று எனக்கு விளங்கவில்லை. சிந்திய இரத்தத்தைக் காகிதத்தால் ஒற்றியெடுத்து, நாம் வீட்டில் வைத்திருக்கும் ஜிக் என்னும் வெளுப்புத் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் போதும். வேறு துப்புரவுத் திரவத்தை அதனுடன் கலக்கக் கூடாது. நச்சு வாயு எழும். தைப்பூசத்திற்கு அலகு குத்தும் கோயில் மண்டபங்களிலும் இவ்விதிகளே பொருந்தும் என்பதை இடையே சொல்லிவைக்கிறேன்.

ஊசி குத்திவிட்டது என்றால் காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கி, 28 நாள் உட்கொள்ள வேண்டும். செல்லுமுன் நிகழ்ந்ததைப் பள்ளிப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். 1993ஆம் ஆண்டின் பணிக்காய இழப்பீட்டுச் சட்டப்படி, விபத்தை அறிந்த ஏழு நாளுக்குள் வேலை அளிப்பவர் அறிவிக்க வேண்டும். விபத்து நேர்ந்தவுடன் செய்யும் தொடக்க இரத்தப் பரிசோதனை இல்லையென்றால், தொற்று பணியில் வந்ததென்று பின்னர் நிறுவுவது அரிது.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு மூன்று தவணை உண்டு. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது முதலாவதைப் போட்டால், பிப்ரவரியில் இரண்டாவது, ஜூலையில் மூன்றாவது. அச்செலவைப் பள்ளி நிர்வாகக் குழுவின் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில், துப்புரவுப் பணியாளரின் பெயரை முதலில் எழுதிச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.