முன்பின் தெரியாதவருக்கு உதவுவது கடமையே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணி நண்பர் அழகாகத்தான் பேசினார். "யாரோ எவரோ ஒருவருக்கு உதவுவது அவரவர் மனசைப் பொறுத்தது. அதைக் கடமை என்று சொன்னால் அதில் அன்பு செத்துப்போகும்" என்றார். சரி, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு மத்தியானம் என் அப்பா பேருந்து நிறுத்தத்தில் சுருண்டு விழுந்தார். பக்கத்தில் நின்ற எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுற்றிப் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். எல்லார் முகத்திலும் 'ஐயோ பாவம்' இருந்தது நடுவர் அவர்களே, இரக்கத்துக்குக் குறைச்சலே இல்லை. ஒருவரும் கிட்டே வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் ஓர் அம்மா பையைக் கீழே போட்டார். அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டார். நிமிர்ந்து பார்த்து ஒரே ஒருவரை விரலால் காட்டினார்: "நீலச் சட்டை, நீங்க ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க." அவர் உடனே போட்டார். அதுவரை அவரும் சும்மா நின்றவர்தான்.

அந்த நீலச் சட்டைக்காரர் கல்நெஞ்சக்காரரா? இல்லவே இல்லை. 1968இல் டார்லி, லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். தனி அறையில் இருக்கும் மாணவருக்கு, இன்னொருவர் வலிப்பு வந்து தவிக்கும் குரல் கேட்கும். தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் ஓய்வதற்குள் எழுந்துபோய்ச் சொன்னார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அப்படிப் போனவர்கள் 31 சதவீதம்தான். மனசு எல்லாருக்கும் இருந்தது. 'இது என் வேலை' என்ற நினைப்புதான் சிலருக்கு வரவில்லை. அந்த நினைப்புக்குத்தான் நாங்கள் கடமை என்று பெயர் வைக்கிறோம்.

"அப்படியானால் உலகத்தில் இருக்கிற அத்தனை பேரையும் நானே தூக்கிச் சுமப்பதா?" என்றும் நண்பர் கேட்டார். யார் சுமக்கச் சொன்னது? ஜெர்மனியில் விபத்தில் சிக்கியவருக்கு உதவாமல் போவது குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. ஆனால் உங்களுக்குப் பெரிய ஆபத்து வராத அளவுக்குச் செய்தால் போதும் என்று அதே சட்டமே சொல்கிறது. எல்லை இருப்பதால் அது கடமை இல்லை என்று ஆகிவிடுமா?

நம் வள்ளுவரும், பிறருக்கு உதவி வாழ்வதைச் சொல்லும் ஒப்புரவறிதல் அதிகாரத்தைத் தொடங்கும்போது 'கடப்பாடு', அதாவது கடமை, என்ற சொல்லைத்தான் எடுக்கிறார். கைம்மாறு எதிர்பாராத கடப்பாடு. ஈகைக்கு என்று தனி அதிகாரம் இருந்தும், ஒப்புரவை வேறாக நிறுத்திச் சொல்லியிருக்கிறார்.

ஆம்புலன்ஸ் வந்தபோது அந்த அம்மாவின் பேருந்து போய்விட்டிருந்தது. நன்றி சொல்லப் போனேன். கடிகாரத்தைப் பார்த்தார், முகத்தில் நல்ல எரிச்சல், பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். நண்பர் கேட்கிற அன்பு அப்போது அவரிடம் இருந்ததா, தெரியவில்லை. அப்பா இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.