சக்கேயு திருப்பிக் கொடுத்த பணம்

(தவக்கால வெள்ளியன்று ராயபுரத்தில், சிலுவைப் பாதைக்குப் பின் குருவானவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பார்ந்த இறைமக்களே,

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று விடியற்காலைத் திருப்பலிக்கு வந்தவர்களுள் காசிமேட்டு ஏலத்துக்குப் போகும் தாய்மார் பலர் இருந்தார்கள். கூடையை வாசற்படியோரம் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வரிசையில் நின்று, நெற்றியில் சாம்பல் பூசப்பெற்று, திருப்பலி முடிந்ததும் ஓட்டமும் நடையுமாகத் துறைமுகத்துக்குப் போனார்கள். சென்ற ஆண்டின் குருத்தோலைகளை எரித்து எடுத்த அந்தச் சாம்பல், வெயில் ஏறுவதற்குள் வியர்வையில் கரைந்திருக்கும். அதில் எனக்குக் கவலை இல்லை. அன்று சரக்கெடுக்க அவர்களுள் சிலர் யாரிடம் கைமாற்று வாங்கினார்கள், மாலைக்குள் எவ்வளவு சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் என் மனத்தை அரிக்கிறது. ஏனெனில் கொடுத்தவரின் நெற்றியிலும் சில வேளைகளில் அதே சாம்பல் இருக்கிறது.

தவக்காலத்தின் ஒழுங்குகளை நீங்கள் அறிவீர்கள். ஞாயிறுகளை நீக்கி நாற்பது நாள். 14 வயது நிரம்பியவர்களுக்குச் சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்த்தல். 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்குச் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் நிறைவாக உண்ணுதல். நம் மக்கள் இதைவிட அதிகமாகவே செய்கிறார்கள். நாற்பது நாளும் இறைச்சியைத் தொடாத குடும்பங்கள் இந்தத் தெருக்களில் நிறைய உண்டு. அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் எசாயா இறைவாக்கினரின் 58-ஆம் அதிகாரத்தைத் தவக்காலத்தின் தொடக்கத்திலேயே திருச்சபை நமக்கு வாசித்துக் காட்டுவது காரணத்தோடுதான். நோன்பு நாளில் உங்கள் ஆதாயத்தையே தேடுகிறீர்கள், உங்கள் வேலையாள்களை வதைக்கிறீர்கள் என்று கடவுள் அங்கே நோன்பிருப்பவர்களிடமே வழக்காடுகிறார். தமக்கு உகந்த நோன்பு எது என்று சொல்லும்போது, உணவைப் பற்றி ஒரே பேச்சுத்தான் பேசுகிறார்: அதைப் பசித்தவரோடு பகிர்ந்து கொள்ளுங்கள்.

இதை நாம் சக்கேயுவிடம் கற்றுக்கொள்ள வேண்டும். எரிகோ நகரில் வரிதண்டுவோரின் தலைவர் அவர். உரோமைப் பேரரசின் பெயரால் தன் சொந்த மக்களிடமே பணம் பறித்துச் செல்வரானவர் என்று ஊரே வெறுத்தது. கூட்டத்தில் அவருக்கு வழிவிட ஒருவரும் இல்லை. குள்ளமானவர் என்பதால் காட்டு அத்தி மரத்தில் ஏறினார். அம்மரத்தடியில் வந்து நின்ற இயேசு, ‘முதலில் பணத்தைத் திருப்பிக் கொடு, பிறகு வருகிறேன்’ என்று சொல்லவில்லை. விரைவாய் இறங்கி வாரும், இன்று உமது வீட்டில் நான் தங்க வேண்டும் என்றார். நற்செய்தியாளர் லூக்கா எழுதிய வரிசையைக் கவனியுங்கள். முதலில் இரக்கம் வீட்டுக்குள் நுழைகிறது. அதன் பின்னரே சக்கேயு எழுந்து நின்று, என் உடைமையில் பாதி ஏழைகளுக்கு, எவரிடமிருந்தாவது வஞ்சித்து வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறார்.

அந்த நான்கு மடங்கு வாய்க்கு வந்த கணக்கு அன்று. தன் பாவத்தை அறிக்கையிடுபவர் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்று பழைய ஏற்பாட்டின் எண்ணிக்கை நூல் சொல்கிறது. ஆட்டைத் திருடி அறுத்தவனோ விற்றவனோதான் ஓர் ஆட்டுக்கு நான்கு ஆடு கொடுக்க வேண்டும் என்பது விடுதலைப் பயண நூலின் சட்டம். சலுகையோடு முடித்துக்கொள்ள வழி இருந்தும், திருடனுக்குரிய தண்டனையைச் சக்கேயு தாமே தமக்கு விதித்துக்கொண்டார். மன்னிக்கப்பட்ட மனிதருக்குத்தான் அப்படி ஒரு துணிவு வரும் என்று நான் நம்புகிறேன். பயந்தவர் குறைத்துத்தான் கணக்குச் சொல்வார்.

இரக்கம் என்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 டிசம்பர் 8 முதல் 2016 நவம்பர் 20 வரை இரக்கத்தின் யூபிலி ஆண்டை அறிவித்தபோது, அதற்கான ஆணை மடலிலேயே குற்றக் கும்பல்களைச் சேர்ந்தவர்களையும் ஊழலில் ஊறியவர்களையும் நேரடியாக அழைத்து, பணத்தை மறுமைக்கு எடுத்துச் செல்ல முடியாது, வாழ்வை மாற்றிக்கொள்ளுங்கள் என்று மன்றாடினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் 1459-ஆம் எண்ணில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது, பாவம் விளைவித்த சீர்கேட்டை எல்லாம் அது சரிசெய்துவிடுவதில்லை, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த நற்பெயரை மீட்டுத் தர வேண்டும்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே நம் மாநிலச் சட்டம் 2003-இல் தடை செய்தது. சட்டத்துக்கு அஞ்சி நிறுத்தியவர்கள் இருக்கலாம். நான் கேட்பது அதைவிடக் கடினமானது. வட்டியாகவே முதலுக்கு மேல் வாங்கிவிட்ட பின்னும் ஒரு விதவையின் ரேஷன் அட்டையையோ, ஏடிஎம் அட்டையையோ, மகளுக்கென்று சேர்த்த தோட்டையோ பீரோவில் வைத்துக்கொண்டு சிலுவைப் பாதையின் 14 நிலைகளிலும் முழந்தாள் படியிடுகிறவர் இருந்தால், அவர் இன்றிரவே அந்தப் பீரோவைத் திறக்க வேண்டும்.

பெயரைக் கெடுத்தவர்களுக்கு இது இன்னும் கடினம். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும்போது ஒரு பெண்ணைப் பற்றி நாம் சொன்ன பொய், நான்கு தெரு தாண்டிப் போயிருக்கும். அதே இடத்தில், கேட்டவர்கள் முன்னிலையில், ‘நான் சொன்னது பொய்’ என்று சொல்வதைத் தவிர வேறு பரிகாரம் எனக்குத் தெரியவில்லை.

திருப்பிக் கொடுக்க வழியே இல்லாதவர்கள் கலங்க வேண்டாம். இயலாதவரைக் கடவுள் நெருக்குவதில்லை. இயலும்போது கொடுக்கும் எண்ணத்தை மட்டும் அவர்கள் கைவிடலாகாது. உரியவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் கொடுங்கள். வாரிசும் தெரியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுங்கள். திருச்சபை நெடுங்காலமாகக் கற்பித்து வரும் ஒழுங்கு இது.

நாளை முதல் மாலைத் திருப்பலிக்கு ஒரு மணி நேரம் முன்பாக ஒப்புரவு அருள்சாதனத்துக்காக, உங்கள் பாவ அறிக்கையைக் கேட்க, அமர்ந்திருப்பேன். பொருளைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் வரலாம். கொடுக்க இன்னும் மனம் வராமல், அந்த மனத்தையே ஆண்டவரிடம் கேட்க நினைக்கிறவர்களும் வரலாம்.