பட்டன் போட்டேன், காணவில்லை: ஜாவா ஸ்விங்கில் முதலில் எங்கே பார்ப்பது?

[திரையில்: 'புடவைக் கடை பில்' என்ற ஜன்னல். முழு ஜன்னலையும் அடைத்தபடி 'அச்சிடு' என்ற ஒரே பட்டன்.]

வணக்கம். ஸ்விங் என்பது ஜாவாவில் ஜன்னல், பட்டன் எல்லாம் செய்ய உதவுகிற தொகுப்பு. கொழும்பு கெய்சர் வீதிப் புடவைக் கடை ஒன்றுக்குப் பில் போடுகிற ஜன்னல் செய்வதாக வைத்துக்கொள்வோம். சேர், அழி, அச்சிடு என்று மூன்று பட்டன் போட்டோம். வந்தது ஒன்றுதான். வெள்ளவத்தையில் என் வகுப்புப் பிள்ளைகள் இப்படித்தான் வருவார்கள்: "மாஸ்டர், எரர் ஒண்டும் இல்ல, ஆனா பட்டனைக் காணேல்ல."

எரர் வராததுதான் இதில் பெரிய கஷ்டம். உடனே கண்டபடி வரிகளை மாற்றத் தொடங்காதீங்கோ. ஜன்னல் திறந்த பிறகு ஒரே ஒரு வரி போடுங்கோ.

[திரையில்: பிரேம்.லிஸ்ட்();]

ஜன்னலுக்குள் இருக்கிற ஒவ்வொன்றும் எந்த இடத்தில், என்ன அகலம் உயரத்தில் இருக்கிறது என்று கன்சோலில், அதாவது புரோகிராம் எழுத்தில் விடை காட்டுகிற இடத்தில், அச்சாகும். நான் எப்போதும் இதிலிருந்துதான் தொடங்குவேன். இப்போது பாருங்கோ: மூன்று பட்டனும் பட்டியலில் இருக்கின்றன! ஆனால் இரண்டின் அளவு 0x0, அதாவது அகலமும் இல்லை, உயரமும் இல்லை.

ஏன்? எது எங்கே, என்ன அளவில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது லேஅவுட். ஜேபிரேமின், அதாவது நம் ஜன்னலின், வழக்கமான லேஅவுட் போர்டர்லேஅவுட். அதில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடு என்று ஐந்து இடம். இடம் சொல்லாமல் அட் செய்தால் (சேர்த்தால்) எல்லாம் நடுவுக்கே போகும். நடுவில் ஒருவருக்குத்தான் இடம். கடைசியாக வந்தது அதைப் பிடித்துக்கொள்ள, முதல் இரண்டுக்கும் லேஅவுட் அளவே கொடுப்பதில்லை. மூன்றையும் ஒரு ஜேபனலுக்குள் (பட்டன்களை வைக்கிற பெட்டி மாதிரி) போட்டு, அந்தப் பனலைத் தெற்கில் வையுங்கோ. ஜேபனலுக்கு வழக்கமானது ஃப்ளோலேஅவுட், வரிசையாக அடுக்கிவிடும்.

[திரையில்: மூன்று பட்டனும் கீழே ஒரே வரிசையில்.]

லேஅவுட்டை நல் (எதுவும் வேண்டாம்) என்று வைத்து, இடத்தையும் அளவையும் நாமே கொடுக்கிற செட்பவுண்ட்ஸை எழுத மறந்தாலும் இதே 0x0 தான். நல் லேஅவுட் எனக்குப் பிடிப்பதில்லை. எழுத்துப் பெரிதான இன்னொரு கணினியில் திறந்தால் தமிழ்ச் சொற்கள் பாதியில் வெட்டுப்படும்.

பட்டன் பட்டியலிலேயே இல்லையா? அதே பட்டனை இன்னொரு பனலிலும் அட் செய்தீங்களா என்று பாருங்கோ. ஸ்விங்கில் பட்டன் மாதிரி ஒரு கொம்போனன்ட்டுக்கு ஒரு தாய்தான். புது இடத்துக்குப் போனால் பழைய இடத்திலிருந்து கழன்றுவிடும். அதுவும் இல்லையென்றால், கிளாஸின் மேலே ஏற்கெனவே அறிவித்த பனலை, கன்ஸ்ட்ரக்டருக்குள் (ஜன்னலை உருவாக்கும்போது ஓடுகிற பகுதி) 'ஜேபனல் பனல்' என்று திரும்பவும் எழுதியிருப்பீங்கள். அப்போது பட்டன் போனது அந்த உள்ளூர் பனலுக்கு, ஜன்னலில் இருப்பது வெறும் பனல். இதைக் கண்டுபிடிக்க நல்ல பிள்ளைகளுக்கே ஒரு பின்னேரம் போய்விடும்.

ஜன்னல் திறந்த பிறகு பில்லில் புது வரி சேர்த்தால், அந்தப் பனலில் முதலில் ரீவேலிடேட், பிறகு ரீபெயின்ட். முதலாவது அளவைத் திரும்பக் கணக்கிட வைக்கும், இரண்டாவது திரும்ப வரைய வைக்கும்.

பட்டியலில் அளவு சரி, 'ஹிடன்' (மறைக்கப்பட்டது) என்றும் இல்லை, ஆனாலும் திரை வெறுமையா? பட்டனை அழுத்தும்போது ஓடுகிற வரிகளைப் பாருங்கோ. அங்கே திரெட்.ஸ்லீப்போ (கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பது) நீண்ட டேட்டாபேஸ் வேலையோ இருந்தால், திரையை வரைகிற அதே திரெட் (வேலை ஓடுகிற பாதை) அதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த வேலையை, பின்னணியில் வேலை செய்ய ஸ்விங் தருகிற ஸ்விங்வேர்க்கரின் டூஇன்பேக்ரவுண்ட் மெதட்டுக்குள் மாற்றுங்கோ. விடையைத் திரையில் காட்டுகிற வரிகள் மட்டும் டன் மெதட்டுக்குள் இருக்கட்டும்.

[திரையில்: 'அச்சிடு' அழுத்தப்படுகிறது. பில் தயாராகும்போதே 'சேர்' பட்டனும் வேலை செய்கிறது.]