இரண்டு கடற்காற்றுக்கு நடுவே வன்னி

(கிளிநொச்சியில் கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

சித்திரை மாதத்தில் வானொலியைத் திறந்தால், பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யலாம் என்று சொல்வார்கள். ஏன் இரண்டு மணி? விடியப்புறம் ஏன் இல்லை? விடையில் பாதி இலங்கையின் வடக்கே உள்ள எங்கள் வன்னி மண்ணிலேயே இருக்கிறது.

வரைபடத்தைப் பாருங்கள். கிழக்கே முல்லைத்தீவுக் கடல், மேற்கே மன்னார்க் கடல். நேர்கோட்டில் அளந்தால் இடையில் நூறு கிலோமீற்றர்கூட இல்லை. மலையும் இல்லை. வெயில் ஏற ஏறத் தரை கொதிக்கும். கடல் அவ்வளவு கெதியாகச் சூடேறாது. தரைக்கு மேலுள்ள சூட்டுக்காற்று எழும்ப, இரண்டு பக்கமிருந்தும் கடற்காற்று உள்ளே வரும். பின்னேரமளவில் இரண்டும் மாங்குளம், நெடுங்கேணி, வவுனியா என்று எங்கேயாவது முட்டிக்கொள்ளும். முட்டிய காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. ஈரத்தோடு ஏறும் அந்தக் காற்றுத்தான் முகிலாகத் திரண்டு, சில வேளைகளில் பதினைந்து கிலோமீற்றர் உயரம்வரை வளர்கிறது. முகிலின் நடுப்பகுதியில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி மின்னேற்றம் பிரிகிறது. மின்னல் அங்கேதான் பிறக்கிறது. மலைநாட்டில் மலைச்சரிவு செய்கிற வேலையை இங்கே இரண்டு காற்றும் சேர்ந்து செய்கின்றன.

எந்த ஊரில் முட்டும் என்பதைப் பருவக்காற்று தீர்மானிக்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் அது பலமில்லை, ஆகவே முட்டுவது உள்நாட்டில். ஆடி, ஆவணியில் சோளகம், அதாவது தென்மேல் பருவக்காற்று, பலம். தன் மழையை மத்திய மலையில் கொட்டிவிட்டு வறண்டு வரும் அந்தக் காற்று, கிழக்குக் கடற்காற்றைக் கரையோரமே மறித்துவிடும். மன்னார் காய்ந்து கிடக்கும்போது முல்லைத்தீவுப் பக்கம் சில பின்னேரங்களில் இடி முழங்குவது இதனால்தான். கடவுளுக்கு மன்னார்மேல் கோபம் ஒன்றும் இல்லை!

மார்கழி வாடை, அதாவது வடகீழ் பருவக்காற்று, வேறு கணக்கு. அந்த மழை கடலிலிருந்தே வருவதால் இரவு பகல் பார்க்காது, இடியும் குறைவு. ஆனால் புயல் வந்தால் மறிக்க எங்களிடம் மலை இல்லை. 1964 டிசம்பரில் வந்த புயல் வட இலங்கையைக் குறுக்கே கடந்து, அப்புறம் தனுஷ்கோடியை அழித்தது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறி, மறுநாள் மன்னார்க் கடலில் இறங்கிவிட்டது. அதே தட்டையான நிலத்தில் வெள்ளம் வடியவும் நாளாகும். குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வான் பாயும்போது கீழே இருக்கும் வயல்காரர் மேலேயுள்ள குளத்தையும் விசாரிக்க வேண்டும்.

சரி, வயலுக்கு வருவோம். வெட்டவெளியில், வரம்பில், கையில் மண்வெட்டியோடு நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள். அதற்காகத் தனிப்பனையின் கீழ் ஒதுங்கவும் கூடாது. மின்னல் பனையில் இறங்கினால் பக்கத்தில் நிற்பவரையும் தாக்கும். வயலிலுள்ள வாடிக்கொட்டிலும் காப்பாற்றாது. கல்வீடு நல்லது, கூரையும் கதவும் மூடிய வாகனமும் நல்லது. திறந்த உழவு இயந்திரத்தை நம்ப வேண்டாம். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீற்றர் வர ஏறத்தாழ மூன்று செக்கன் எடுக்கும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் முகில் பத்துக் கிலோமீற்றருக்குள் நிற்கிறது. பம்பை நிறுத்தப் போகாமல் நேரே வீட்டுக்கு வாருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழியட்டும், பிறகு வயலில் இறங்கலாம்.