தம்பி தலைக்கு நல்லெண்ணெய், மாமாவுக்கு எரிச்சல்

வணக்கம் மக்களே. இன்று சாப்பாட்டு வீடியோ கிடையாது. கோபத்தில் பசிக்கவில்லை. எனக்கே பசிக்கவில்லை என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும்.

மாட்டுப் பொங்கலன்று பாலமேடு ஜல்லிக்கட்டில் காளை உதறியதில் என் தம்பிக்கு வலது தோள் மூட்டு விலகிவிட்டது. சரிசெய்து, கையைக் கழுத்தோடு தொங்கலாகக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே சனிக்கிழமை நான்தான் அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

அந்த எண்ணெய்! செக்கு நல்லெண்ணெய் அரை லிட்டர் 230 ரூபாய். கேட்டால் எள் விலை ஏறிவிட்டதாம். இந்த எள்ளுக்கு இறங்கவே தெரியாதா? பாட்டில் மூடி வேறு சரியில்லை. பையெல்லாம் எண்ணெய், கேமரா உறையெல்லாம் எண்ணெய். ஆனால் சுத்தமான சரக்கு, வாசனையே சொல்லிவிடும்.

உச்சந்தலையில் வைத்துத் தேய்க்கும்போது மாமா வந்தார். "என்னடா இது, பெண்பிள்ளைக்குச் செய்வதுபோல?" என்று சிரித்தார். தெப்பக்குளம் வீடியோவில் பெரிய மீசையோடு வந்தாரே, அவர்தான். மருது பாண்டியர் என்றால் அவருக்கு உயிர். அக்டோபரில் காளையார்கோவில் போகாமல் இருக்கமாட்டார். 1801 அக்டோபர் 24-இல் வெள்ளைக்காரன் திருப்பத்தூரில் சேர்த்துத் தூக்கிலிட்ட அண்ணன் தம்பியைக் கும்பிடுவாராம். எங்கள் வீட்டு அண்ணன் தம்பியைப் பார்த்தால் மட்டும் கூச்சமாம்! காளையின் திமிலைக் கட்டிப்பிடித்தால் ஆண்பிள்ளை, தம்பியின் தலையைத் தொட்டால் இல்லையா?

இதைச் சொல்லாமல் விட்டேனே: தம்பி மாமாவுக்குப் பதிலே சொல்லவில்லை. "காதுக்குப் பின்னால் விட்டுப்போய்விட்டது அண்ணே" என்று மட்டும், அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான்.

எங்கள் அப்பாவும் மாமாவின் ரகம்தான். நான் கோவைக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று ஆரப்பாளையத்தில் பஸ் ஜன்னல் வழியாக 500 ரூபாயை நீட்டினார். தோளில் ஒரு கை வைக்கவில்லை. இப்போது பாருங்கள், இடது கையால் சாப்பிட அம்மா விடுவதில்லை என்பதால் தம்பிக்கு அப்பாதான் சோறு பிசைந்து ஊட்டுகிறார். அவன் முகத்தைப் பார்ப்பதில்லை, டிவியைப் பார்த்தபடியே உருண்டையை நீட்டுகிறார். பாதி ரசம் சட்டையில். படம் எடுக்க விடவில்லை, கேட்காதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை ஷாம்பூ வேண்டும் என்கிறான் தம்பி, சீயக்காய் கண்ணில் எரிகிறதாம். 230 ரூபாய் எண்ணெய்க்கு ஷாம்பூவா? எரிந்தால் எரியட்டும், கண்ணை நான் பொத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.