தானாய் முளைத்த கீரையைப் பறிக்குமுன்

அவையோர்க்கு வணக்கம். ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு வாரத்தில், நாம் விதைக்காத பண்ணைக்கீரையும் பருப்புக்கீரையும் சாரணையும் மூக்கிரட்டையும் வரப்பெங்கும் தலைகாட்டிவிடுகின்றன. களை என்று இன்று நாம் கொத்தி எறியும் இவற்றைப் பறித்துக் கடைந்து உண்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்களிடமிருந்து பெயர்களை மட்டும் வாங்கிக்கொண்டு, செடியை அடையாளம் காணும் பழக்கத்தைக் கைவிட்டுவிட்டோம் என்பதே என் கவலை.

இதோ, என் கையிலிருப்பது பருப்புக்கீரை. செந்நிறத் தண்டு, சதைப்பற்றான சிறு இலை. ஒடித்தால் தெளிந்த நீர்தான் கசிகிறது. இதனருகிலேயே சிவந்த தண்டோடு தரையில் படரும் சித்திரப்பாலாடையை ஒடித்தால் வெண்பால் சொட்டும். எனவே ஒவ்வொரு தண்டையும் ஒடித்துப் பார்த்த பிறகே மடியில் போட வேண்டும். அள்ளிப் பறிப்பவர் கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதைவிடக் கொடிய தவறு கிழங்கில் நேர்கிறது. செங்காந்தள் நம் மாநில மலர்; பூத்திருக்கும்போது அதை அடையாளம் தெரியாதவர் அரிது. கொடி காய்ந்து, மண்ணுக்குள் கிழங்கு மட்டும் கிடக்கும் காலத்தில்தான், உண்ணும் கிழங்கென்று எண்ணி அதை அவித்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. அதிலுள்ள கோல்சிசின் என்னும் நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. தின்று சில மணி நேரம் கழிந்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும் என்பதால், முதலில் ஒன்றும் ஆகவில்லையே என்ற நிம்மதியும் பொய்யாகிவிடும். கொடியில் இலை இருந்தால் அதன் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக நீண்டிருப்பதைக் காணலாம். கிழங்கோ கலப்பைபோல் வளைந்திருக்கும், கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அதனால் வந்ததுதான். மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் மருந்துத் தொழிலுக்காக இதைப் பந்தலிட்டுப் பயிரிடும் உழவர்கள் விதையைக்கூட எச்சரிக்கையோடுதான் கையாளவேண்டியிருக்கிறது.

ஆடு மேய்வதை நாமும் தின்னலாம் என்பார்கள். ஆடு எருக்கந்தழையையும் கடிக்கும். நாம் இருமலுக்குக் கஷாயம் வைக்கும் ஆடாதொடையைத் தொடாது. அதன் நாக்கு நமக்குச் சான்றாகாது.

செடி சரியானதாகவே இருந்தாலும் இடம் தவறாக இருக்கலாம். சாக்கடையோரத்தில் கொழுகொழுவென்று நிற்கும் கீரை, வேர்வழி உறிஞ்சிய உலோகங்களையும் சேர்த்தே வைத்திருக்கும். எத்தனை முறை அலசினாலும் அவை போகா. நெடுஞ்சாலை ஓரத்தையும், களைக்கொல்லி தெளித்த வயலையும் அவ்வாறே விட்டுவிடுங்கள்.

பறிக்கும் முறைக்கும் வருகிறேன். நுனியை மட்டும் கிள்ளினால் கணுவிலிருந்து பக்கக் கிளை வெடிக்கும். வேரோடு பிடுங்கினால் அடுத்த மழைக்கு விதை விழாது. பிறர் நிலமென்றால் கேட்டுப் பறியுங்கள். சரணாலயத்துக்குள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. காட்டின் சிறுவிளைபொருள்களைச் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அங்கேயே தலைமுறைகளாக வாழும் பழங்குடியினர்க்கும் பிற வனவாசிகளுக்கும் அளித்திருக்கிறது. வார இறுதியில் பையோடு மலையேறும் நமக்கு அல்ல.

முதன்முறை உண்ணும் கீரையை மற்றவற்றோடு கலக்காமல், சிறிதளவே சமையுங்கள். சமைக்காத ஒரு கொத்தை எடுத்து வையுங்கள். யாருக்கேனும் வயிறு புரட்டினால், கைவைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல், அந்தக் கொத்தோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். என்ன தின்றார் என்று மருத்துவர் கேட்கும்போது அதை எடுத்துக் காட்டலாம்.